ரூன்ஸ்கேப்பில் புதிதாகக் கால் வைப்பவருக்கு: ஆடுவதும் கோளாறு பார்ப்பதும்

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். பார்ப்பதற்கு அழகான விளையாட்டு அல்ல. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவைபோல நிற்கும். மனிதர்களின் முகத்தில் மூக்கைத் தேட வேண்டும். ஆனால் பழைய மடிக்கணினியிலும் ஓடும், சாதாரணக் கைப்பேசியிலும் ஓடும், இரண்டிலும் ஒரே கணக்கு. பைசா கட்டாமல் மாதக்கணக்கில் ஆடலாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேஜெக்ஸ் நிறுவனம் 2001 ஜனவரியில் ரூன்ஸ்கேப்பை வெளியிட்டது. பின்னாளில் செய்த பெரிய மாற்றங்கள் பழைய ஆட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் விடாமல் கேட்டதால், 2007 ஆகஸ்ட் மாதத்துக் காப்புப் பிரதியைத் தூசி தட்டி எடுத்து, 2013 பிப்ரவரியில் அதையே தனி விளையாட்டாகத் திறந்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள்; இப்போது 70 சதவீத ஆதரவு கிடைத்தால்தான் சேர்க்கை.

நம் ஊரிலிருந்து ஆடுபவர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. இந்த உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. நீங்கள் எடுத்து வைக்கும் அடி, ஓங்கும் வாள், கடிக்கும் ரொட்டி எல்லாவற்றையும் சர்வர் அந்த 0.6 நொடித் தவணையில்தான் கணக்கிடும். அந்தத் தவணைக்கு ‘டிக்’ என்று பெயர். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய் வருவதற்கே 80 மில்லிநொடிக்கு மேல் ஆகும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இந்தத் தாமதம் உங்களைக் கொன்றுவிடும். இங்கே 150, 200 மில்லிநொடி தாமதம் இருந்தாலும், சீராக இருந்தால் தொடக்க நிலையில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ‘சீராக’ என்ற நிபந்தனை முக்கியம். பின்னால் வருகிறேன்.

கணக்கும் உலகமும்

ஜேஜெக்ஸின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அவர்களுடைய லாஞ்சரை, அதாவது விளையாட்டை நிறுவித் திறக்கும் நிரலை, இறக்குங்கள். கைப்பேசி என்றால் ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை மட்டும் தொடாதீர்கள். பலரும் பயன்படுத்தும் ரூன்லைட் என்ற மாற்று நிரலின் பெயரில் போலித் தளங்கள் விளம்பரம் கொடுத்துக் கணக்குகளைத் திருடியிருக்கின்றன. ரூன்லைட் நல்ல நிரல்தான், நிறுவனமே அனுமதித்தது. அதை ஜேஜெக்ஸ் லாஞ்சருக்கு உள்ளிருந்தே நிறுவிக்கொள்ளலாம், வெளியே தேட வேண்டியதில்லை.

கணக்குத் தொடங்கிய அன்றே இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். அப்போது தரப்படும் காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்த பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

உள்ளே நுழையும் திரையில் உலகங்களின் பட்டியல் இருக்கும். எல்லாம் ஒரே நிலப்பரப்பின் நகல்கள்தாம். ஒவ்வொன்றிலும் 2,000 பேர்வரை இருக்கலாம். சந்தா கட்டாதவர்களுக்கான உலகத்தில், உங்களுக்குத் தூரம் குறைந்த நாட்டின் கொடி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பில் ‘பிவிபி’ என்றோ ‘ஹை ரிஸ்க்’ என்றோ போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கே ஆட்டக்காரர்கள் ஆட்டக்காரர்களையே வேட்டையாடுவார்கள்.

தீவும் மாவு ஆலையும்

முதலில் பயிற்சித் தீவு. இறால் பிடிக்க, ரொட்டி சுட, செம்பையும் தகரத்தையும் உருக்கி வெண்கலக் குறுவாள் அடிக்க, எலியைக் கொல்ல, கோழியின் மேல் காற்று மந்திரம் ஏவ ஒவ்வோர் ஆசிரியராகக் கற்றுத்தருவார்கள். அவசரப்பட்டுக் கிளிக் செய்து தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ‘வங்கி எங்கே’ என்று ஊரெல்லாம் கேட்டு அலைகிறார்கள். தீவைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வர வழியில்லை.

அடுத்து லம்பிரிட்ஜ் கோட்டை வாசல். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விளையாட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், கோட்டைக்குள் சமையலறைக்குப் போங்கள். சமையல்காரருக்குப் பிறந்தநாள் கேக் செய்ய ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு வேண்டும். இந்தச் சிறு பணியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் விளையாட்டின் இலக்கணம் புரிந்துவிடும்.

வெற்றுப் பானை சமையலறையிலேயே கிடக்கிறது. தரையில் உள்ள கதவைத் திறந்து நிலவறைக்கு இறங்கினால் வாளி. முட்டை கோழிப் பண்ணைத் தரையில் இருக்கும். பாலுக்குக் கறவை மாட்டின் மேல் கிளிக் செய்ய வேண்டும். பக்கத்தில் மேயும் சாதாரண மாட்டைக் கிளிக் செய்தால் சண்டைதான் வரும். சிக்கல் மாவில். ஊருக்கு வடமேற்கே காற்றாலை. அதன் அருகே உள்ள வயலில் கோதுமை பறித்து, ஏணியில் மேல் தளம்வரை ஏறி, அங்குள்ள கொட்டுவாயில் கோதுமையைப் போட வேண்டும். பிறகு அதே தளத்தில் உள்ள நெம்புகோலை இழுக்க வேண்டும். அதன் பிறகு கீழே இறங்கி, தொட்டியில் விழுந்திருக்கும் மாவைப் பானையில் அள்ள வேண்டும். கோதுமை போடாமல் நெம்புகோலை இழுப்பவர்களும், இழுக்க மறந்து கீழே வந்து ‘விளையாட்டில் கோளாறு’ என்று புகார் சொல்பவர்களும் நாள்தோறும் உண்டு. ஒவ்வொரு செயலுக்கும் உரையாடல் பெட்டியில் ஒரு வரி வரும். கொட்டுவாயில் போட்டதும் ஒரு வரி, நெம்புகோலை இழுத்ததும் ஒரு வரி. அந்தப் பெட்டியைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சந்தேகங்கள் எழாது.

மூன்றையும் கொடுத்தால் சமையல் திறனில் 300 அனுபவப் புள்ளிகளும் ஒரு குவெஸ்ட் புள்ளியும் கிடைக்கும். இதுபோன்ற பணிக்குத்தான் ‘குவெஸ்ட்’ என்று பெயர். குவெஸ்ட் பட்டியலில் தொடங்காதவை சிவப்பு, நடப்பில் உள்ளவை மஞ்சள், முடிந்தவை பச்சை. முதல் வாரத்தில் சிறிய சிவப்புகளைப் பச்சையாக்கிக்கொண்டே போங்கள், போதும். ஒரு திறனில் லெவல் 99 எட்ட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும், அதில் பாதி வழி லெவல் 92 என்பதையெல்லாம் இப்போது தெரிந்து மனம் தளர வேண்டாம்.

சாவது பற்றி

சாவீர்கள். பெரும்பாலும் வாராக் நகருக்குத் தெற்கே கல் வட்டத்தில் நிற்கும் கருப்பு மந்திரவாதிகளிடம். நீங்கள் தொடாவிட்டாலும் அவர்கள் தாக்குவார்கள். எதிரியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள லெவல் எண் பச்சையாக இருந்தால் உங்களைவிட எளியவர், சிவப்பு என்றால் வலியவர். கையில் உணவு இல்லாமல் சிவப்பின் பக்கம் போகக்கூடாது. தொடக்கத்தில் உயிர் வெறும் 10 புள்ளி. இறால் 3 புள்ளியைத் திருப்பித்தரும், டிரவுட் மீன் 7, கல் இறால் 12. பையில் 28 இடங்கள். பாதியை உணவுக்கு ஒதுக்கினாலும் தவறில்லை.

இறந்தால் மிக விலையுயர்ந்த மூன்று பொருள்கள் உங்களுடனே இருக்கும். மற்றவை இறந்த இடத்தில் கல்லறையில் கிடக்கும். 15 நிமிடத்துக்குள் ஓடிப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வடக்கே ஒரு பள்ளத்தைத் தாண்டினால் வரும் ‘வைல்டர்னெஸ்’ பகுதியில் இந்தக் கருணை கிடையாது. அங்கே வேறோர் ஆட்டக்காரர் உங்களைக் கொன்றால் மிச்சமெல்லாம் அவருக்கு. யாராவது இனிக்க இனிக்கப் பேசி உங்களை வடக்கே கூட்டிப் போனால் காரணம் இதுதான்.

பணமும் ஏமாற்றும்

வாராக்கின் வடமேற்கில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை இருக்கிறது. விலை போட்டு வைத்தால் ஆள் கிடைக்கும்போது தானே விற்கும். புதிய இலவசக் கணக்குகளுக்கு வணிகத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு. 20 மணி நேரம் ஆடி, 10 குவெஸ்ட் புள்ளிகளும் மொத்த லெவல் 100-ம் எட்டினால் விலகும். ஒரு பொருளை விற்க முடியவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சந்தையில் கத்திக்கொண்டு நிற்பவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள். ‘பணம் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்பது மிகப் பழைய வித்தை. சிறு தொகையை உண்மையிலேயே இரட்டிப்பாக்கித் தருவார்கள். பெருந்தொகை கொடுத்ததும் மறைந்துவிடுவார்கள். ‘உன் கடவுச்சொல்லைத் தட்டிப் பார், விளையாட்டு தானே நட்சத்திரக் குறியாக மாற்றிவிடும்’ என்பது இன்னொன்று. நேரடிப் பரிமாற்றத்தில் இரண்டு திரைகள் வரும். முதல் திரையில் காட்டிய விலையுயர்ந்த பொருளைக் கடைசி நொடியில் எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே மாதிரி உள்ள மலிவானதை வைப்பார்கள். ஆகவே இரண்டாம் திரையில் எழுத்தில் வரும் பட்டியலைப் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். நிறுவன ஊழியர்களின் பெயருக்கு முன்னால் உரையாடலில் தங்க மகுடச் சின்னம் இருக்கும். அவர்களும் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கற்றுத்தரவே விளையாட்டுக்குள் ஒரு குகை வைத்திருக்கிறார்கள். வாராக்குக்கு மேற்கே உள்ள காட்டுமிராண்டிக் கிராமத்தின் நடுவில் ஒரு குழி. உள்ளே நான்கு தளங்கள். ஒவ்வொரு கதவும் உங்களை நிறுத்தி, கணக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வி கேட்கும்; சரியாகச் சொன்னால் திறக்கும். கீழே போகப் போக அரக்கர்கள் வலிமையாவார்கள், எனவே உணவோடு போங்கள். முதல் மூன்று தளங்களில் மொத்தம் 10,000 நாணயம், நான்காவதில் ஒரு ஜோடிக் காலணி. புதியவருக்கு 10,000 நாணயம் பெரிய தொகை. பாடம் நடத்திக் கூலியும் கொடுக்கும் இந்தக் குகையைப் போல வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

திணறல் வந்தால்

‘லேக் அடிக்கிறது’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது: உங்கள் கருவி, நடுவிலுள்ள இணைப்பு, அந்தப் பக்கத்துச் சர்வர். எது என்று பிரிக்காமல் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

பிரிக்க இந்த விளையாட்டே ஒரு கருவி தருகிறது. தரையில் கிளிக் செய்தால் அந்த இடத்தில் சிறிய மஞ்சள் பெருக்கல் குறி தோன்றும். மனிதர், பொருள், எதிரி மேல் கிளிக் செய்தால் சிவப்புக் குறி. இந்தக் குறியை வரைவது உங்கள் கருவி. சர்வரைக் கேட்டு வரைவதில்லை. குறியே தாமதமாக வந்தால், மவுஸ் அம்பும் தத்தித் தத்தி நகர்ந்தால், கோளாறு உங்கள் கணினியில். குறி உடனே வந்து, பாத்திரம் மட்டும் அசையாமல் நின்று, சில நொடி கழித்து எல்லாரும் ஒரேயடியாகத் தாவினால், கோளாறு இணைப்பிலோ சர்வரிலோ.

கணினிதான் என்றால்: பின்னணியில் ஓடும் மற்ற நிரல்களை மூடுங்கள், குறிப்பாகப் பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்து கிடக்கும் உலாவியை. மடிக்கணினியைச் சார்ஜரில் செருகுங்கள். பேட்டரி சேமிப்பு நிலையில் வேகம் குறைந்துவிடும். வரைகலை டிரைவரைப் புதுப்பியுங்கள். ரூன்லைட்டில் திரை கருப்பாகவே நின்றால், பெரும்பாலும் அதன் ஜிபியு துணை நிரல் உங்கள் பழைய வரைகலைச் சில்லுக்கு ஒத்துவரவில்லை. விண்டோஸில் ரூன்லைட் நிறுவும்போதே ‘சேஃப் மோட்’ என்ற குறுக்குவழியும் கூடவே வரும். அதில் திறந்து அந்தத் துணை நிரலை அணையுங்கள்.

இணைப்பா சர்வரா என்று பார்க்க முதலில் உலகத்தை மாற்றுங்கள். வேறு நாட்டுக் கொடி உள்ள உலகத்தில் சரியாக இருந்தால் பழைய உலகத்திலோ அதற்குப் போகும் பாதையிலோ குறை. அங்கேயே ஆடுங்கள், வேலை முடிந்தது. எல்லா உலகத்திலும் திணறினால் அடுத்த சோதனை. விண்டோஸில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ‘பிங்’ கட்டளையுடன் உங்கள் ரவுட்டர் முகவரி. ஒரு செய்தி அந்த முகவரிக்குப் போய் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று இந்தக் கட்டளை காட்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்றில் வெளியுலகுக்கு, கூகுளின் பொது முகவரியான 8.8.8.8. இரண்டிலும் கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது விளையாடுங்கள், திணறும் நொடியில் இரண்டையும் பாருங்கள்.

ரவுட்டர் சாளரத்தில் 2, 3 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென 200, 300-க்குத் தாவினால் குற்றவாளி வைஃபை. இணைய நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். ஒரு கேபிளை வாங்கிச் செருகுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாறி ரவுட்டருக்கு அருகில் உட்காருங்கள். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் முட்டி மோதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆடுவது வீண் வம்பு.

ரவுட்டர் எண் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் தாவினால் வீட்டுக்கு வரும் இணைப்பில் சிக்கல். ஆனால் புகார் செய்வதற்கு முன் வீட்டில் யாருடைய கைப்பேசியாவது அன்று எடுத்த படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேற்றம் பாதையை அடைத்துக்கொண்டால் விளையாட்டின் சிறு சிறு செய்திகள் வரிசையில் நின்றுவிடும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு வைத்திருந்தும் திணறுகிறது என்பவர்களில் பலருக்கு நோய் இதுதான். இந்த விளையாட்டுக்கு வேகம் கொஞ்சம்தான் தேவை. 40, 41, 40 என்று வருவதும் 180, 181, 180 என்று வருவதும் இதற்கு ஒன்றே. 40, 400, 60 என்று வருவதுதான் கெடுதல்.

இரண்டு சாளரங்களும் சீராக இருந்து விளையாட்டு மட்டும் திணறினால், கைப்பேசியின் தரவு இணைப்பில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் அந்தப் பக்கத்துப் பிரச்சினை. எழுந்து போய்த் தேநீர் குடியுங்கள்.

கைப்பேசியில் ஆடுபவர்களுக்குத் தனிக் குறிப்பு ஒன்று. நடுவில் ஒரு செய்திக்குப் பதில் எழுதிவிட்டுத் திரும்பினால் இணைப்பு அறுந்திருக்கும். அது கோளாறு அல்ல. பேட்டரியைச் சேமிக்க ஃபோன் பின்னணிச் செயலியை உறங்க வைக்கிறது. அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம். எப்படியிருந்தாலும் சண்டை நடுவில் செயலியை மாற்றாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் பாத்திரம் உடனே மறையாது. சிறிது நேரம் அங்கேயே நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே நுழையவே முடியாவிட்டால்

‘முந்தைய அமர்விலிருந்து கணக்கு வெளியேறவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் பதற வேண்டாம். அறுந்துபோன பழைய இணைப்பைச் சர்வர் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். சில நிமிடம் கழித்து முயலுங்கள். காத்திருந்தும் அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் வேறு யாரோ உங்கள் கணக்கில் இருக்கலாம். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும்தான். மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் மற்றதை மாற்றிப் பயனில்லை.

சரிபார்ப்புச் செயலி தரும் ஆறு இலக்க எண்ணை விளையாட்டு ஏற்காவிட்டால் ஃபோனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. கடிகாரம் ஓரிரு நிமிடம் பிந்தியிருந்தால் ஒவ்வோர் எண்ணும் காலாவதியானதாகவே இருக்கும். நேரத்தைத் தானியங்கியாக வைத்துவிட்டால் சரி.

விளையாட்டு புதுப்பிக்கப்பட்டுவிட்டது, மறுபடி திறக்கவும் என்று வந்தால் நிரலை முழுதாக மூடித் திறக்க வேண்டும். வாராந்திரப் புதுப்பிப்பு வழக்கமாகப் புதன்கிழமைகளில், பிரிட்டனில் நண்பகலுக்குச் சற்று முன். நமக்கு மாலை நான்கு, ஐந்து மணி வாக்கில். அதற்கு முன் திரையில் ஒரு கீழ்நோக்கு எண்ணிக்கை ஓடும். அதைப் பார்த்ததும் சண்டையை விட்டு விலகி வெளியேறிவிடுங்கள். புதுப்பிப்பு முடிந்த பிறகு ரூன்லைட் பயன்படுத்துபவர்கள் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நிரலும் புதிய பதிப்புக்கு ஏற்றவாறு மாற வேண்டும் அல்லவா. பொறுமை இல்லாதவர்கள் அதுவரை நிறுவனத்தின் சொந்த நிரலிலேயே நுழைந்து மரம் வெட்டிக்கொண்டிருக்கலாம்.